எந்த ஸ்டாலிலும் இடமில்லாத கூழ்



"ஃபுட் ஃபெஸ்ட் பத்தி ரெண்டு பக்கம் ஜாலியா எழுதிக் குடு" என்றுதான் எடிட்டர் குழுவில் கேட்டார்கள். ஜாலியா எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அன்னைக்கு நடந்த ஒரு விஷயம் இடிச்சுக்கிட்டே இருந்தது. அதை விட்டுட்டு மத்ததை எழுத மனசு வரலை. அதனால இது ஜாலியான கட்டுரை இல்லை. ஒரு கருத்து, கூடவே ஒரு மன்னிப்பு.

எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், இந்த வருஷம் ஃபுட் ஃபெஸ்ட்டில் முதல் பரிசு 'கம்போ'வுக்கு. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் குழம்பு. இறால், நண்டு எல்லாம் போட்டு, கெட்டியாக வச்சு, சோத்து மேல ஊத்திச் சாப்பிடுறது. நம்ம பசங்க யூடியூப் பார்த்து, வெண்டைக்காயும் ஐஸ் இறாலும் வாங்கி, விடிய விடியக் கிண்டினாங்க. சாப்பிட்டவங்க பாதிப்பேர் "வெண்டைக்காய்ப் புளிக்குழம்புல இறால் விழுந்த மாதிரி இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்றார்கள். பரிசு நியாயமான பரிசுதான். அவங்க உழைப்பு மேல எனக்கு ஒரு குறையும் இல்லை.

நான் சொல்ல வந்தது மேசைக்கே வராத ஒரு பாத்திரத்தைப் பற்றி.

ஃபெஸ்ட்டுக்குப் பெயர் பதியும் தாளில் ரெண்டே காலம்தான் வச்சிருந்தோம். ஒண்ணு 'தமிழ்நாட்டு உணவு', இன்னொண்ணு 'உலக உணவு'. என் நண்பன் ஒருத்தன் முதல் காலத்தில் 'ஒடியல் கூழ்' என்று எழுதினான். கமிட்டியில் ஒரு அண்ணன் பார்த்துட்டு, "டேய், இது சிலோன் ஐட்டம்டா, தமிழ்நாட்டுல வராது. மாத்து" என்றார். அவனும் அடிச்சுட்டு ரெண்டாவது காலத்தில் எழுதினான். அங்கே பார்த்த ஆள், "கூழ் எல்லாம் வேர்ல்டு குசின்ல வச்சா ஜட்ஜ் சிரிப்பாரு. பாஸ்தா, சூஷி பக்கத்துல கூழா? நம்ம ஊரு சமாச்சாரம்டா அது" என்றான். அவன் அதையும் அடிச்சுட்டு, ஒண்ணும் பேசாம, பேனாவைக் கொடுத்துட்டுப் போயிட்டான்.

ரெண்டாவது ஆள் நான்தான்.

அவன் மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்தவன். நான் திருப்புல்லாணிக்காரன். ரெண்டும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். ஊருக்குப் போகும்போது ஒரே பஸ்ஸில் ராமநாதபுரம் வரை போவோம். அங்கே இறங்கி நான் தெற்கே மாறுவேன், அவன் கிழக்கே மாறுவான். மூணு வருஷமா அப்படித்தான். ஒரே பஸ்ஸில் வர்றவன் கொண்டுவந்த சாப்பாட்டுக்கு என் மாநிலத்திலயும் இடமில்லை, உலகத்திலயும் இடமில்லை என்று கையெழுத்துப் போட்டதில் நானும் ஒருத்தன்.

கூழ்னா என்னன்னு முதல்ல சொல்லிடுறேன்

நிறைய பேருக்குக் கூழ்னா கேழ்வரகுக் கூழ், ஆடி மாசம், மாரியம்மன் கோயில். இது வேற. ஒடியல் கூழ் கடல் கூழ். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து மக்களோட சாப்பாடு. பனங்கிழங்கைப் பச்சையாகவே கிழிச்சுக் காயவச்சா அது ஒடியல். அவிச்சுக் காயவச்சா புழுக்கொடியல். பச்சை ஒடியலை இடிச்சு எடுத்த மாவுதான் இந்தக் கூழுக்கு உயிர். நண்டு, இறால், கணவாய், மீன் தலை, கிடைக்கிற பொடி மீன், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயத்தங்காய், முருங்கை இலை, ஒரு கைப்பிடி அரிசி எல்லாத்தையும் பெரிய பாத்திரத்தில் வேக விட்டு, அரைச்ச மிளகாயும் புளியும் சேர்த்து, கடைசியில் ஒடியல் மாவைக் கரைச்சு ஊத்துவார்கள். குழம்பு கெட்டிப்படும். பலா இலையையோ பனை ஓலையையோ மடிச்சு அதில் ஊத்தி, சுடச்சுடக் குடிப்பார்கள். ரெண்டு பேருக்குன்னு அளவா வைக்கிற சாப்பாடு இல்லை. பாத்திரம் ஏறினா பத்து பேராவது சுத்தி உட்காரணும்.

இப்போ கம்போவைப் பாருங்க. அதுவும் கடல் குழம்பு. அதிலயும் நண்டு, இறால், கிடைச்சதெல்லாம் போகும். அதுவும் பெரிய பாத்திரச் சாப்பாடு. அதிலயும் கதையே கெட்டிப்படுத்துவதில்தான் இருக்கு. மூணு வழி உண்டு. ஒண்ணு வெண்டைக்காய், அதோட வழவழப்பு குழம்பைப் பிடிக்கும். ரெண்டாவது ரூ, அதாவது மாவைக் கொழுப்பில் போட்டு நிறம் மாறும் வரை வறுக்கிறது. எவ்வளவு கருக்க வறுக்கிறோமோ அவ்வளவு மணம், ஆனா கெட்டிப்படுத்துற சக்தி குறையும், சூட்டில் ஸ்டார்ச் உடைஞ்சு போறதால. மூணாவது ஃபிலே, சாசஃப்ராஸ் என்கிற மரத்தோட இலைப்பொடி. அதை அடுப்பிலிருந்து இறக்கினதுக்கு அப்புறம்தான் போடணும். கொதிக்கவிட்டா நூல் நூலா இழுக்கும்.

நம்ம ஒடியல் மாவும் இதே வேலையைத்தான் செய்யுது. கிழங்கு ஸ்டார்ச் தண்ணியைக் குடிச்சு, சூட்டில் வீங்கி, குழம்பைப் பிடிக்குது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் விஸ்காசிட்டி எடுத்து நோட்டு நிரப்பினவங்களுக்கு இது ஈசியாகப் புரியும். ஒரு கரையில் வெண்டைக்காய், இன்னொரு கரையில் பனங்கிழங்கு. வேலை ஒண்ணுதான்.

கம்போ எந்த ஊர்ச் சாப்பாடு?

லூசியானாச் சாப்பாடு என்று நாம் எழுதினோம். யாரும் கேள்வி கேட்கலை. லூசியானாவும் 2004ல் கம்போவைத் தன் அதிகாரபூர்வ மாநில உணவாக அறிவிச்சிருக்கு. ஆனால் அந்தக் குழம்புக்குள்ள இருக்கிற எதெல்லாம் லூசியானாவில் பிறந்தது?

வெண்டைக்காய் ஆப்பிரிக்காவில் இருந்து போனது. 'கம்போ' என்ற பெயரே மத்திய ஆப்பிரிக்க மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கொண்டு போனவங்க விருப்பப்பட்டுப் போனவங்க இல்லை. 1719ல் இருந்து அடிமைக் கப்பல்களில் ஏற்றிக் கொண்டுபோய் லூசியானாவில் இறக்கப்பட்டவர்கள். ரூ பிரெஞ்சுக்காரர்களோடது. ஃபிலே பொடி அந்த மண்ணின் பழங்குடியான சாக்டா மக்களோடது. அரிசியும் கடல் தாண்டி வந்ததுதான். இதெல்லாம் ஒரே சட்டியில் விழுந்து, அங்கேயே பல தலைமுறை வெந்து, 'கிரியோல் சமையல்' என்று பெயர் வாங்கிச்சு. இன்னைக்கு யாரும் கம்போகிட்ட "நீ ஆப்பிரிக்காவா, பிரான்ஸா, ஒரு காலத்தில் எழுது" என்று கேட்கிறதில்லை.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் லியா சேஸ் என்று ஒரு சமையல்காரம்மா இருந்தார். 2019ல், 96 வயசில் இறந்தார். அவங்க குடும்ப உணவகம் டூக்கி சேஸ். வெள்ளைக்காரர்களும் கறுப்பினத்தவர்களும் ஒரே உணவகத்தில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைச் சட்டம் தடுத்த காலத்தில், அவங்க மாடி அறையில் ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து, கம்போ சாப்பிட்டுக்கிட்டே சம உரிமைப் போராட்டத்துக்குத் திட்டம் போட்டார்கள். சாப்பாடு சட்டத்தை மாத்தலை, போராட்டம்தான் மாத்துச்சு. ஆனால் போராடுறவங்க உட்கார ஒரு மேசை வேணும் இல்லையா? அந்த மேசை அங்கே இருந்தது.

நம்ம காலேஜில் அந்தக் குழம்புக்கு மேசை போட்டோம். சந்தோஷம். மண்டபத்தில் இருந்து வந்த குழம்புக்குப் போடலை.

எங்க வீட்டுக் கொல்லையில்

ஃபெஸ்ட் முடிஞ்ச ரெண்டாவது வாரம் ஊருக்குப் போனோம். பஸ்ஸில் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "விடுடா, எனக்குப் பழக்கம்தான்" என்றான். அந்தப் பதில் எனக்குத் திட்டு வாங்கினதைவிடக் கஷ்டமா இருந்தது. "அப்போ கூழை எங்க வீட்டுல வைக்கலாம், அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றேன்.

ஞாயித்துக்கிழமை காலையிலேயே ரெண்டு பேரும் வந்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள முகாமுக்குத் திரும்பணும் என்று முதல்லயே சொல்லிட்டாங்க. சேதுக்கரையில் நண்டும் பொடி மீனும், கீழக்கரையில் இறாலும் கணவாயும் வாங்கி வச்சிருந்தோம். பலாக்கொட்டை சீசன் வரலை, அதனால அது இல்லாமலே. முருங்கை வீட்டு மரத்திலேயே இருந்தது. அவங்க 'பயத்தங்காய்' என்று கேட்டது நம்ம காராமணிக்காய் என்று புரிய அஞ்சு நிமிஷம் ஆச்சு.

ஒடியல் மாவை மட்டும் அவங்க கையோட கொண்டுவந்திருந்தாங்க. அதைப் பாத்திரத்தில் கொட்டினப்போ எங்க அப்பத்தா பக்கத்தில் வந்து, ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வச்சுப் பார்த்தாங்க. "ஏத்தா, இது நம்ம கெழங்கு மாவுல்ல? ஆனா கசக்குதே?"

"ஓம் அம்மா, இது அவிக்காத மா. கசப்புப் போகோணும் எண்டா ஊறவிட்டு மூண்டு தரம் தண்ணி மாத்தோணும்."

"நாங்க அவிச்சுக் காயவச்சு இடிப்போம். தேங்காயும் கருப்பட்டியும் போட்டுப் பிசைஞ்சு திம்போம். மீன்ல போட்டதில்ல."

அப்புறம் ரெண்டு பேரும் எங்களை மறந்துட்டாங்க. எந்தப் பனையோட கிழங்கு நார் இல்லாம இருக்கும், எத்தனை நாள் வெயில் வேணும், இந்த வருஷம் மழை எப்படி என்று பேச்சு போய்க்கிட்டே இருந்தது. மிளகாய் அரைக்க அப்பத்தா குண்டு மிளகாயை எடுத்துக் கொடுத்தாங்க. "இதைத்தான் நாங்களும் போடுறது" என்று அவங்க சொன்னாங்க.

கூழ் கொதிக்கும்போது நான் கேட்டேன், "ஊர்ல உங்க அம்மாகிட்டக் கத்துக்கிட்டீங்களாம்மா?"

"இல்லைத் தம்பி. 90ல வள்ளத்தில வரேக்க எனக்கு நாலு வயசு. ஊர் ஞாபகமே இல்லை. அம்மா எனக்குக் கூழ் காய்ச்சப் பழக்கினது மண்டபத்திலதான்."

நான் அந்த இடத்தில் ஒண்ணும் பேசலை. 'சிலோன் ஐட்டம்' என்று நாங்கள் அடிச்ச அந்தக் கூழைச் செய்யக் கத்துக்கிட்டது மண்டபத்தில். அதில் போன மீன் மண்டபத்து மீன். மாவு இந்த மாவட்டத்துப் பனை. மிளகாய் இந்த மாவட்டத்து மிளகாய். காய்ச்சினவங்க இந்த மாவட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க. சாப்பிட்ட மகன் இந்த மாவட்டத்தில் பிறந்தவன். இன்னும் என்ன வேணும் அது இந்தக் கரைச் சாப்பாடு ஆகிறதுக்கு?

வந்ததெல்லாம் நம்மதாச்சு

'ஆனா ஒரிஜினலா அது அங்கே இருந்து வந்ததுதானே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சரி, எங்க கரையில் ஒரிஜினலா எங்கேயிருந்தும் வராதது எது என்று பார்ப்போம்.

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைச்சது. எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துகீசியர் வந்த பிறகுதான் அது இந்தியாவுக்கே வந்தது. கூழில் போட்ட மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்ததுதான். கீழக்கரைக்கு வந்தா எல்லாரும் தொதல் வாங்கிட்டுப் போவாங்க. அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுற இனிப்பு. அதே பெயரில், அதே மாதிரி, மலேசியா, இந்தோனேசியா, இலங்கை எல்லா இடத்திலயும் அது இருக்கு. கடல் வணிகம் கொண்டுவந்து சேர்த்த இனிப்பு. இன்னைக்கு அதைக் 'கீழக்கரைத் தொதல்' என்றுதான் சொல்றோம், சரியாகத்தான் சொல்றோம். அது வந்த பாதையை மறைக்கிறதில்லை, ஆனா அது இப்போ எங்க ஊரோடது.

ஆகவே ஒரு சாப்பாடு ஒரு ஊரோடது ஆகிறதுக்கு அது அங்கேயே முளைச்சிருக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அந்த ஊர் மண்ணில் விளைஞ்சது அதில் போகணும், அந்த ஊரில் வாழறவங்க அதைச் செஞ்சு சாப்பிடணும். அவ்வளவுதான். மிளகாய்க்கும் தொதலுக்கும் கம்போவுக்கும் இந்த அளவுகோலை வச்சிட்டு, கூழுக்கு மட்டும் வேற அளவுகோல் எடுக்கிறது நியாயம் இல்லை.

இந்த இடத்தில் ஒண்ணு தெளிவாகச் சொல்லணும். 'கூழ் எங்களோடது, யாழ்ப்பாணத்தோடது இல்லை' என்று நான் சொல்லவே இல்லை. அது அவங்க சாப்பாடுதான். அதுக்கான மரியாதை யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் போய்ச் சேரணும். நான் சொல்றது, அது அங்கே இருக்கிற மாதிரியே இங்கேயும் வாழுது என்பது. ரெண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

எங்க ஊருக்கு இது புதுசே இல்லை. திருப்புல்லாணி 108 திவ்ய தேசங்களில் ஒண்ணு. ராமர் புல்லைப் பரப்பிப் படுத்த இடம், சேதுக்கரையில் இருந்து இலங்கைக்குப் பாலம் கட்டினார் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நம்ம சிவில் பசங்க எங்க ஊர்ப் பெயரைக் கேட்டாலே "ஓ, ஃபர்ஸ்ட் ப்ராஜெக்ட் சைட்" என்று கிண்டல் பண்ணுவாங்க. புராணத்தை விடுங்க, சரித்திரத்துக்கு வருவோம். 1914ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. மெட்ராஸில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே ரயில் ஏறிக் கொழும்பு போனார்கள். தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிஞ்சது. அப்புறம் ராமேஸ்வரத்தில் இருந்து கப்பல் ஓடிச்சு, எண்பதுகளில் அதுவும் நின்னுபோச்சு.

மண்டபம் முகாமுக்கும் ஒரு பழைய கதை இருக்கு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன நம்ம ஊர் ஜனங்களை நோய் பரிசோதனைக்காகத் தங்கவச்ச இடம் அது. இங்கேயிருந்து அங்கே போனவங்க காத்திருந்த இடத்தில், 1983க்குப் பிறகு அங்கேயிருந்து இங்கே வந்தவங்க காத்திருக்காங்க. இவ்வளவு காலமா ஆள் போய் வந்துக்கிட்டிருந்த கடலில், கூழ் மட்டும் எல்லைக்கோட்டில் நிக்கணுமா?

ஃபார்மில் இருக்கிற ரெண்டு காலம்

'ஒரு ஃபுட் ஸ்டால் விஷயத்துக்கு இவ்வளவு பில்டப்பா?' என்று நினைக்கிறவங்களுக்காக இதை எழுதுறேன். ஸ்டாலோடு முடிஞ்சிருந்தா நானும் எழுதியிருக்க மாட்டேன்.

மூணாம் வருஷம் ப்ளேஸ்மென்ட் பதிவு ஆரம்பிச்சது. எல்லாரும் லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து ஃபார்ம் நிரப்பினோம். ஒரு ஃபார்மில் 'குடியுரிமை' என்ற இடத்தில் ரெண்டு பட்டன். 'இந்தியர்', 'வெளிநாட்டு மாணவர்'. இந்தியர் என்று அவன் போட முடியாது. வெளிநாட்டு மாணவர் என்று அமுக்கினா, பாஸ்போர்ட் எண்ணும் விசா எண்ணும் கேட்குது. அவன்கிட்ட எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை. ஏதாவது ஒண்ணை அமுக்காம அடுத்த பக்கம் போகாது. கொஞ்ச நேரம் பார்த்துட்டு அவன் லேப்டாப்பை மூடிட்டான்.

அப்பதான் எனக்கு அந்தப் பதிவுத் தாள் ஞாபகம் வந்தது. அதிலும் ரெண்டு காலம், இதிலும் ரெண்டு பட்டன். அந்தத் தாளில் ரெண்டாவது அடி நான் அடிச்சது.

சட்டம் என்ன சொல்லுது? இந்தியாவில் 1987 ஜூலை 1க்கு முன்னாடி பிறந்தவங்களுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அதுக்கப்புறம் பிறந்தவங்களுக்கு அப்பா அம்மாவில் ஒருத்தராவது இந்தியராக இருக்கணும். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு இன்னும் இறுக்கம். ரெண்டு பேருமே இந்தியராக இருக்கணும், இல்லைன்னா ஒருத்தர் இந்தியராக இருந்து, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமல் இருக்கணும். முகாமில் ரெண்டு அகதிகளுக்குப் பிறந்த, நம்ம வயசுப் பசங்களுக்கு இந்த வழி எதுவும் திறக்காது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணு நாட்டைத்தான் சேர்த்தது. இலங்கை அதில் இல்லை.

கதவு மொத்தமா பூட்டியும் இல்லை. 1986ல் மண்டபம் முகாமிலேயே பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022ல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். தமிழ்நாடு அரசு 2021ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாத்தினது. முகாம் மாணவர்களின் பொறியியல் படிப்புக்குக் கட்டண உதவியும் அறிவிச்சது. நல்ல விஷயங்கள்தான். ஆனால் தமிழ்நாட்டில் நூறுக்கும் மேல முகாம்கள், அதில் ஐம்பதாயிரத்துக்கும் மேல மனுஷங்க. 1987க்கு முன்னாடி இங்கே பிறந்தவங்க அதில் கொஞ்சம் பேர்தான். மத்தவங்க காத்திருக்காங்க. என் நண்பன் நம்மோட அதே செமஸ்டர், அதே சிலபஸ், அதே இன்டர்னல். என்னைவிட நல்ல சிஜிபிஏ. படிப்பு முடியும்போது நாம் எங்கே வேலைக்குப் போறதுன்னு யோசிப்போம். அவன் எந்தப் பட்டனை அமுக்குறதுன்னு யோசிப்பான்.

குடியுரிமைச் சட்டத்தை மாத்துறது டெல்லியில் இருக்கிறவங்க வேலை. நாம் குரல் கொடுக்கலாம், கொடுக்கணும். ஆனால் பதிவுத் தாளில் எத்தனை காலம் வைக்கிறது என்பது முழுக்க முழுக்க நம்ம கையில் இருந்த விஷயம். அதையே நாம் சரியாகச் செய்யலை. அதிகாரம் இருக்கிறவங்க ஃபார்மைப் பார்த்துக் கோபப்படுறதுக்கு முன்னாடி, நாம போட்ட ஃபார்மைத் திரும்பப் பார்க்கணும் என்றுதான் இதை எழுதுறேன்.

அதனால மூணு கோரிக்கை

ஒண்ணு. அடுத்த வருஷம் ஃபுட் ஃபெஸ்ட்டில் 'தமிழ்நாடு', 'உலகம்' என்ற காலமே வேண்டாம். அதுக்குப் பதிலா 'இதை யாரிடம் கத்துக்கிட்டீங்க? எங்கே?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்போம். பாஸ்தா செய்றவன் 'யூடியூப், ஹாஸ்டல் ரூம்' என்று எழுதட்டும். தொதல் கொண்டுவர்றவங்க 'உம்மாகிட்ட, கீழக்கரை' என்று எழுதட்டும். கூழ் காய்ச்சுறவன் 'அம்மாகிட்ட, மண்டபம்' என்று எழுதட்டும். படிக்கிறவங்களுக்கும் அதுதான் சுவாரசியம்.

ரெண்டு. நம்ம வகுப்பில் முகாமில் இருந்து வர்ற மாணவர்கள் இருந்தா, அவங்க நிரப்ப முடியாத ஃபார்ம் எது எதுன்னு கேட்டு, மாணவர் மன்றம் மூலமா ப்ளேஸ்மென்ட் செல்லுக்கு எழுதிக் கொடுப்போம். 'மற்றவை' என்று ஒரு பட்டன் சேர்க்க வெப்சைட்டில் எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்கு நல்லாத் தெரியும். நாமதானே அதைச் செய்யப் படிக்கிறோம்.

மூணு. நீங்களும் ஒரு தடவை ஒடியல் கூழ் குடிச்சுப் பாருங்க. கெட்டியா, புளிப்பா, காரமா, அடியில் பனையோட மெல்லிய கசப்போட இருக்கும். முதல் வாய்க்குப் பிடிக்காமல்கூடப் போகலாம். எனக்கு மூணாவது வாய்க்குத்தான் பிடிச்சது.

அன்னைக்கு எங்க கொல்லையில் பலா இலை கிடைக்கலை, ஓலையை மடிச்சு அதில் ஊத்திக் கொடுத்தாங்க. "ஆறவிடாமக் குடியுங்கோ" என்று அந்த அம்மா எல்லாரையும் விரட்டிக்கிட்டே இருந்தாங்க. அப்பத்தா ரெண்டு ஓலை குடிச்சாங்க. நாலரை மணிக்கு அவங்க கிளம்பினாங்க, பஸ்ஸை விட்டா நேரத்துக்குப் போக முடியாது. கிளம்பும்போது அப்பத்தா ஒரு பை நிறைய இந்த வருஷத்துக் கிழங்கைக் கொடுத்து, "அவிக்காம காயவையி. அடுத்த தடவை வரும்போது மாவா கொண்டாத்தா" என்றாங்க.

பை இப்போ மண்டபத்தில் இருக்கு. கிழங்கு காய்ஞ்சிருக்கும். அடுத்த ஃபுட் ஃபெஸ்ட்டுக்கு அந்த மாவு வரும். இந்தத் தடவை மேசை போடுறது நம்ம வேலை.